அந்த மெயில் வந்திருந்தது

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெயில் சர்வரை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். 2008ஆம் ஆண்டு அங்கிருந்தவர்களின் கடிதங்கள் பல அழிந்துபோயின. மின்வெட்டால் டிஸ்க் அடிபட்டுவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நெடுங்காலம் யாரிடமும் சொல்லவில்லை. கடிதங்களை அழித்தது என் கை. அழிந்தது தெரிந்த பிறகும், அதனால் ஒரு பெண் எல்லோர் முன்னிலையிலும் பொய் சொன்னவராக நிறுத்தப்பட்டதைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் செய்தது தெரியாமல் செய்தது. அடுத்தது தெரிந்தே செய்தது. இதை எழுதுவது அந்த இரண்டாவதற்காகத்தான். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அது விளங்காது.

ஏற்றுமதித் தொழிலில் ஆர்டர் மெயிலில்தான் வரும். ஆடையின் அளவும் தையல் விவரமும் அடங்கிய டெக் பேக்கும் மெயிலில்தான். கழுத்துப் பட்டி அரை சென்டிமீட்டர் அகலமாக வேண்டும், வாஷ்கேர் லேபிளில் வாசகம் மாற வேண்டும், கார்ட்டன் அளவு மாற வேண்டும், எல்லாமே மெயில். துணிக்குச் சாயம் போடுவதற்கு முன் சிறு துண்டுகளை ஏ, பி, சி என்று சற்றே வேறுபட்ட சாயல்களில் தோய்த்து, லேப் டிப் என்ற பெயரில் பையருக்குக் கூரியரில் அனுப்புவார்கள். அங்கே லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, பி சரி என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் டன் கணக்கில் துணி டையிங் மெஷினுக்குள் போகும். நாளைக்குச் சாயல் சரியில்லை என்று பேச்சு வந்தால், கையில் காட்டுவதற்கு இருப்பதும் அந்த ஒரு வரிதான். அப்படிப்பட்ட வரிகளை எல்லாம் வைத்திருந்த பெட்டியைத்தான் என்னை நம்பி விட்டிருந்தார்கள்.

அது எக்ஸ்சேஞ்ச் 2003, ஸ்டாண்டர்ட் பதிப்பு. எல்லோருடைய மெயில் பெட்டிகளும் சேர்ந்து ஒரே டேட்டாபேஸில் இருக்கும். அதற்கு முதலில் 16 ஜிபி என்று உச்சவரம்பு இருந்தது. 2005இல் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக், 75 ஜிபி வரை ஏற்றிக்கொள்ள வழிவிட்டது. ஆனால் ரெஜிஸ்ட்ரியில் நாமாக எழுதிவைக்காவிட்டால் 18 ஜிபியிலேயே நிற்கும். வரம்பு தாண்டிவிட்டதா என்று தினமும் விடியற்காலை 5 மணிக்கு அது பார்க்கும். தாண்டியிருந்தால் முதலில் எச்சரிக்கும், அப்படியும் குறையவில்லை என்றால் டேட்டாபேஸை இறக்கிவிடும். எங்களுடையதும் ஒருநாள் அப்படி இறங்கியது. நான் ரெஜிஸ்ட்ரியில் 75 என்று எழுதி, அது ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விட்டேன். யார் பெட்டியில் எவ்வளவு கிடக்கிறது, மாதத்துக்கு எவ்வளவு வளர்கிறது, டிஸ்க்கில் எவ்வளவு மிச்சம் என்று அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்க வேண்டும். மேனேஜர்களின் பெட்டிகளுக்கு அளவு வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரம்பை ஏற்றிவிட்டால் யாருடனும் மோத வேண்டியதில்லை. அங்கே தொடங்கியது என் சோம்பல்.

அந்த டேட்டாபேஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய மண்டிகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு வைத்திருப்பார்கள். கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே அது சிட்டையில் விழும். பிறகு சாவகாசமாக ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். எக்ஸ்சேஞ்சிலும் இதே ஏற்பாடுதான். ஒரு மெயில் வந்தால் முதலில் லாக் கோப்பில் பதிவாகும். டேட்டாபேஸ் பக்கம் நினைவகத்தில் மாறியிருக்கும், டிஸ்க்குக்கு மெதுவாகத்தான் இறங்கும். 2003 பதிப்பில் ஒவ்வொரு லாக்கும் 5 எம்பி. அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்புக்கு ஈ00 என்று பெயர். அது நிறைந்ததும் ஒரு வரிசை எண் கொடுத்து ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒரு ஈ00 திறந்துகொள்ளும். எந்த லாக் வரை பேரேட்டில் ஏறிவிட்டது என்பதைச் செக்பாயின்ட் என்ற சிறு கோப்பு குறித்துவைத்திருக்கும். முழு பேக்கப் ஒழுங்காக முடிந்த பிறகு, இனித் தேவைப்படாத லாக்குகளை அதுவே நீக்கும். நீக்குவது அதன் வேலை. ஆள் கை வைக்கக் கூடாது.

இதெல்லாம் அந்த நிறுவனத்தில் நான் சேர்ந்தபோதே தெரிந்திருக்க வேண்டியவை. தெரிந்துகொள்ளாமல்தான் அந்தப் பொறுப்பில் இருந்தேன். சர்வர் ஓடினால் போதும் என்று இருந்தேன்.

பேக்கப்புக்கு விண்டோஸோடு வந்த என்டிபேக்கப்பையே வைத்திருந்தேன். இரவில் ஓடி, வெளியே சொருகிய யூஎஸ்பி டிஸ்க்கில் எழுதிவைக்கும். ஓடி முடிந்ததும் அறிக்கை ஒன்று எழுதும். அதைத் திறந்து படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஒருநாள் தற்செயலாகத் திறந்தபோது, பேக்கப் பாதியிலேயே நின்றிருந்தது. அதற்கு முந்தைய நாளும், அதற்கும் முந்தைய வாரமும் அப்படித்தான் நின்றிருந்தது. ஈவென்ட் வியூவரில் காரணம் எழுதியிருந்தது: ஈஎஸ்இ, நிகழ்வு எண் 474, பிழை எண் மைனஸ் 1018.

மெயில் சர்வர் பார்ப்பவர்களுக்கு மைனஸ் 1018 என்றால் வயிற்றைப் பிசையும். அந்த டேட்டாபேஸ் 4 கேபி பக்கங்களால் ஆனது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பக்கத்தை எழுதும்போது கணக்கிட்டு வைத்த எண்ணும், படிக்கும்போது கணக்கிட்ட எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அதுதான் 1018. எக்ஸ்சேஞ்ச் எழுதக் கொடுத்தது ஒன்று, டிஸ்க் திருப்பித் தந்தது வேறொன்று என்று அர்த்தம். ஆன்லைன் பேக்கப் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டே போகும். ஒரே ஒரு பக்கம் ஒத்துவராவிட்டாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கெட்டுப்போன ஒன்றைப் பிரதி எடுத்துவைத்து, அதை நம்பி நல்ல லாக்குகளை நீக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள். இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட மென்பொருள் அது. இரவுதோறும் அது என்னை எச்சரித்துக்கொண்டிருந்தது. எனக்கோ அது தொந்தரவாகத் தெரிந்தது. நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று ஈவென்ட் வியூவரை மூடினேன்.

பக்கம் எப்படிக் கெட்டது என்பதற்கும் நானே காரணம். மெயில் திறக்க நேரமாகிறது என்று ஆட்கள் குறை சொன்னபோது, ரெய்டு கார்டில் ரைட் கேஷை இயக்கிவிட்டேன். எழுதச் சொன்னதை டிஸ்க்குக்கு இறக்கும் முன்பே கார்டு தன்னிடம் வாங்கிக்கொண்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். அதனால் வேகம் கூடும். ஆனால் மின்சாரம் போனால் கேஷில் இருப்பதைக் காப்பாற்றக் கார்டில் பேட்டரி இருக்க வேண்டும். எங்கள் கார்டில் பேட்டரி இல்லை. அந்த ஆண்டு மின்வெட்டில் திருப்பூர் பட்ட பாடு அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர் ஏறும் வரை யூபிஎஸ் தாங்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரிகள் பழையவை. சில நேரம் சர்வர் பொத்தென்று அணைந்து, ஜெனரேட்டர் ஓட்டத்தில் மறுபடி எழும். எழுந்துவிட்டதே என்று இருந்துவிடுவேன்.

பேக்கப் முடியாததால் லாக்குகள் நீங்கவில்லை. நீங்காததால் சேர்ந்துகொண்டே போயின. நிறுவும்போது நாமாக இடம் மாற்றாவிட்டால், லாக்கும் டேட்டாபேஸும் எம்டிபிடேட்டா என்ற ஒரே ஃபோல்டரில் போய் உட்காரும். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. இரண்டையும் வெவ்வேறு டிஸ்க்கில் வைப்பது முதல் பாடம். ஒரு டிஸ்க் போனாலும் மற்றதில் இருப்பதை வைத்துக் கட்டி எழுப்பிவிடலாம். ஒரே டிரைவில் இருந்ததால் லாக் நிறைந்தபோது டேட்டாபேஸும் மூச்சடைத்து நின்றது.

அது நடந்தது ஒரு ஷிப்மென்ட் வாரத்தில். காலையில் ஒருவருக்கும் அவுட்லுக் திறக்கவில்லை. டிஸ்க்கில் இடம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டால்கூட ஒழுங்காக மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, ரெஸ்1, ரெஸ்2 என்று இரண்டு 5 எம்பி கோப்புகளை எக்ஸ்சேஞ்ச் முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருக்கும். அதை அதன் போக்கில் மூட விட்டிருக்கலாம். இன்ஃபர்மேஷன் ஸ்டோர் சர்வீஸை நிறுத்தச் சொன்னேன், அது நின்றுகொண்டிருக்கிறது என்று காட்டியபடியே இருந்தது. அறைக்கு வெளியே ஆட்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன்.

மறுபடி எழுந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். திரை கொள்ளாமல் லாக்குகள், எல்லாம் ஒரே அளவு. வரிசை எண் உள்ளவை எல்லாம் பழையவை, ஈ00 மட்டும்தான் இன்றைக்கு உரியது என்று நானாக முடிவு செய்தேன். எண் உள்ளவை அனைத்தையும் தேர்ந்தெடுத்தேன். சாதாரணமாக அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், இடம் விடுபடாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே டெலீட்டைத் தட்டினேன்.

டிஸ்க்கில் இடம் வந்தது. டேட்டாபேஸ் ஏறவில்லை. ஈஎஸ்இயூடில் என்ற கட்டளையை எம்எச் என்ற சுவிட்சோடு ஓட்டினால், டேட்டாபேஸின் தலைப்புப் பக்கத்தைக் காட்டும். நிலை: டர்ட்டி ஷட்டவுன். அதாவது, லாக்கில் எழுதியதில் ஒரு பகுதி இன்னும் பேரேட்டில் ஏறவில்லை. அதற்குக் கீழே, லாக் ரிக்வயர்ட் என்று ஒரு வரியில் இரண்டு எண்கள் இருந்தன. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரையிலான லாக்குகளைக் கொடுத்தால் நானே சரிசெய்துகொள்கிறேன் என்று அது கேட்கிறது. அவை கடைசிச் சில லாக்குகள். சற்று முன்னால் நான் அழித்தவற்றுள் அவையும் இருந்தன. அந்த இரண்டு எண்களைப் பார்த்தபோது என் கை குளிர்ந்துபோனது இன்றும் நினைவிருக்கிறது.

கடைசியாக நன்றாக முடிந்த பேக்கப் பல வாரங்கள் பழையது. அதை மீட்டு, அதன்மேல் லாக்குகளை வரிசையாக ஓடவிட்டால் ஒரு மெயில்கூடப் போகாமல் எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கலாம். பேக்கப் நின்றுபோன நாளிலிருந்து எல்லா லாக்குகளும் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. டிஸ்க்கை அடைத்துக்கொண்டு நின்ற குப்பை என்று நான் நினைத்தவைதான் எங்களைக் காப்பாற்றக் கூடியவையாக இருந்தன. இது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்த அந்த நேரத்தில் முதலாளியிடம் போயிருக்க வேண்டும்.

நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஈஎஸ்இயூடிலை பி என்ற சுவிட்சோடு ஓட்டினேன். அது கடைசி வழி. தகவல் இழப்பு ஏற்படலாம், தொடரவா என்று முன்கூட்டியே ஒரு பெட்டி எழுந்து கேட்கும். அதை ஓட்டும் முன் டேட்டாபேஸ் கோப்பை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவைப்பது கட்டாயம். தெரிந்த ஒருவரை அழைத்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். கோவையில் போய் ஒரு டிஸ்க் வாங்கிவர ஒரு பகல்தான் ஆகும். அந்த ஒரு பகலில் என்ன காரணம் என்று யாராவது கேட்பார்களே என்ற பயத்தில் சரி என்பதை அழுத்தினேன். அது சேதமான பக்கங்களைத் திருத்தாது. பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பதை ஒட்டித் தைக்கும். பிறகு டிஃப்ராக், பிறகு ஐசின்டெக். திருத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யம் வரும்வரை ஐசின்டெக்கைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். இரவெல்லாம் ஓடியது. திருத்தம் என்று அது காட்டிய ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கடிதம் இருந்திருக்கலாம். நான் பூஜ்யத்தை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் எல்லோருக்கும் மெயில் திறந்தது. முதலாளி வந்தார். "கரண்ட் போனதுல டிஸ்க் அடிபட்டிருச்சுங்க சார். சரி பண்ணிட்டேனுங்க" என்றேன்.

"ஏதாச்சும் போயிருச்சா தம்பி?"

"ஒண்ணும் போகலைங்க."

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதுபோல் சுலபமாக வந்தது வேறில்லை. இரவு முழுக்க வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்ததற்காக அந்த ஆண்டு எனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு மெர்ச்சண்டைசிங் பகுதியில் சத்தம் கேட்டது. ஒரு ஆர்டருக்கு பி சாயலில் துணி டையிங் முடிந்து வந்திருந்தது. பையர் எங்கே அப்ரூவல் கொடுத்தார் என்று மேனேஜர் கேட்கிறார். அந்த ஆர்டரைப் பார்த்த மெர்ச்சண்டைசர் இளம்பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார்.

"மெயில் வந்துச்சுங்க சார். உங்களுக்கும் சிசி இருந்துச்சு. படிச்சுட்டுத்தான் டையிங்குக்குச் சொன்னேன்."

"எனக்கு வரலைம்மா. உங்க பாக்ஸ்லயும் இல்ல. ரெண்டு பேருக்கும் வராத மெயிலு உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சுற்றிலும் இருபது மேசைகள். எல்லோரும் தலையைக் குனிந்து வேலை பார்ப்பதுபோல் இருந்தார்கள். அவர் என்னிடம் வந்தார். "அண்ணா, டெலீட் ஆனதுல எங்காச்சும் இருக்கும், ஒருக்காப் பாருங்கண்ணா" என்றார். பார்ப்பதாகச் சொன்னேன்.

இரண்டு பேர் பெட்டியிலும் இல்லை என்பதுதான் அவருக்கு எதிரான பெரிய சாட்சியாக இருந்தது. ஒருவர் அழித்திருந்தால் மற்றவரிடமாவது இருக்க வேண்டுமே என்பது மேனேஜரின் வாதம். கேட்பவருக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் 2003இல் ஒரே டேட்டாபேஸில் இருக்கும் பலருக்கு ஒரு மெயில் வந்தால், அதை ஒரே ஒரு முறைதான் எழுதிவைக்கும். ஒவ்வொருவர் பெட்டியிலும் தெரிவது அந்த ஒன்றைக் காட்டும் குறிப்பு மட்டும். இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. அந்த ஒரு பிரதி இருந்த பக்கம் பிடுங்கப்பட்டால் எல்லோருடைய பெட்டியிலிருந்தும் அது சேர்ந்தே மறையும். இரண்டு பேரிடமும் இல்லை என்பது அவர் பொய் சொன்னதற்கு அடையாளமே இல்லை. என் பழுதுபார்ப்புக்குத்தான் அது அடையாளம். அந்தக் கட்டடத்தில் இதைச் சொல்லக் கூடிய ஒரே ஆள் நான்.

அப்போதும் எனக்கு ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. அந்த மெயில் உண்மையிலேயே வந்ததா, யாருக்குத் தெரியும்? அந்தச் சாக்கையும் அன்று மாலை நானே இழந்தேன். சர்வருக்குள் வந்து போகும் ஒவ்வொரு மெயிலுக்கும், எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து, யாருக்கு என்று ஒரு தனிப் பதிவு உண்டு. மெசேஜ் டிராக்கிங். டேட்டாபேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வெறும் எழுத்துக் கோப்பு. மெயில் தலைப்பையும் சேர்த்துப் பதியச் சொல்லி முன்பு எப்போதோ நான்தான் வைத்திருந்தேன். ஆர்டர் எண்ணைப் போட்டுத் தேடினேன். பையரின் முகவரி. பெறுநர் அந்தப் பெண். அடுத்து மேனேஜர். தலைப்பில் ஆர்டர் எண்ணும் லேப் டிப் என்ற சொல்லும். ஸ்டோருக்குள் ஒப்படைக்கப்பட்டது என்று கடைசி வரி. சர்வர் படுத்த நாளுக்கு முந்தைய பிற்பகல்.

அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேனேஜருக்கும் வந்திருந்தது, அவர் திறக்கவில்லை. அந்த ஒரு திரையை அச்செடுத்து மேனேஜரின் மேசையில் வைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும்: வந்த மெயில் எங்கே போயிற்று?

சாளரத்தை மூடினேன். மறுநாள் அவர் வந்து கேட்டபோது, "நல்லாப் பாத்துட்டேன்மா, இல்ல" என்றேன்.

பையரிடமே கேட்டுவிடுகிறேன் என்றார் அவர். மேனேஜர் விடவில்லை. நம்மிடம் ரெக்கார்ட் ஒழுங்காக இல்லை என்று பையருக்குத் தெரியக் கூடாது என்றார். அந்த ஆர்டரை அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுப் போனார். துணி தைக்கப்பட்டு, சாயலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல் சரக்கு கப்பலேறியது. நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. பி சாயல்தான் சரி என்று பையரே ஏற்றுக்கொண்டபோதாவது அந்தப் பெண் சொன்னதை யாராவது திரும்ப நினைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன், சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லிக்கொள்வது எளிது, ஆனால் அது உண்மை ஆகாது. எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். நான் சொன்னால் அது முடிந்த முடிவு. அந்த மதிப்பை விட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக ஒருத்தியின் சொல் பொய்யாகப் போகட்டும் என்று விட்டேன். சர்வர் அறைக்குள் நடப்பதை வெளியில் இருப்பவர்கள் சரிபார்க்க முடியாது. எங்களைப் போன்றவர்கள் சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர அவர்களுக்கு வழி இல்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் திருடினேன்.

பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனேன். எக்ஸ்சேஞ்சை ஒழுங்காகக் கற்றேன். லாக்கும் டேட்டாபேஸும் தனித்தனி டிஸ்க்கில், பேட்டரி இல்லாத கேஷ் அணைக்கப்பட்டு, பேக்கப்பை வாரந்தோறும் வேறொரு சர்வரில் மீட்டுத் திறந்து பார்ப்பது என்று என் வேலையில் இன்று ஒருவரும் குறை காண முடியாது. 2010 பதிப்பில், ஒரு மெயிலை ஒரே முறை எழுதும் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். அது ஏன் போயிற்று என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இந்தக் கதையையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். வேறெங்கோ, யாரோ ஒரு அட்மினுக்கு நடந்ததாக. "அந்தப் பொண்ணுகிட்ட அப்புறம் சொன்னாரா சார் அவரு?" என்று ஒரு பையன் கேட்டான். தெரியவில்லை என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பழைய சகாக்கள் வழியாக அந்தப் பெண்ணுடைய எண்ணைத் தேடிப் பிடித்தேன். இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார். யார் என்று சொன்னதும், "அண்ணா, நல்லாயிருக்கீங்களா?" என்றார். அந்தக் குரலுக்கு எதிரே சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அழித்த லாக்குகள், பழுதுபார்த்த இரவு, டிராக்கிங்கில் பார்த்த வரி, எதையும் விடாமல் சொன்னேன்.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்கண்ணா" என்றார். "நாமளே படிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டமோன்னு. இத்தனை வருஷமும் ஒவ்வொரு அப்ரூவலையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணிட்டுத்தான் டையிங்குக்குச் சொல்றேன். ஆபீஸ்ல எல்லாரும் எதுக்குக் காகிதத்த வீணாக்கறீங்கன்னு கேப்பாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. மேனேஜரிடம் நான் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், அதன் பிரதி தனக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். எழுதினேன். பையரின் மெயில் வந்தது, இருவர் பெட்டியிலும் விழுந்தது, அதை அவர் படித்த பிறகே டையிங்குக்குச் சொன்னார், என் தவறால் அது அழிந்தது, வந்ததற்கான பதிவைப் பார்த்தும் மறைத்தேன். இவ்வளவுதான் அதில் இருந்தது. ஓய்வு பெற்றுவிட்ட மேனேஜர் போன் செய்தார். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளகிட்ட நான் பேசணும், நம்பர் குடுங்க" என்றார். கொடுக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அதையும் மேனேஜரிடம் சொன்னேன்.

கடிதத்தின் பிரதியைப் படித்துவிட்டு அந்தப் பெண் இன்னொன்று கேட்டார். "என்னோடது ஒண்ணு. வேற யார் யாரோடது போச்சுங்கண்ணா?"

என்னிடம் பட்டியல் இல்லை. ஈஎஸ்இயூடில் பழுதுபார்க்கும்போது, எதை எதைச் சேதமாகக் கண்டது என்று டேட்டாபேஸ் பெயரோடு ஒரு பதிவுக் கோப்பை எழுதிவைக்கும். அன்று விடியற்காலையில், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அதையும் நான் அழித்தேன். அதை அவரிடம் சொன்னேன். அக்கவுன்ட்ஸில் ஒருவர் எல்சி திருத்தம் பற்றி வங்கி அனுப்பிய மெயிலைத் தேடியதும், ஷிப்பிங்கில் ஒருவர் பி.எல். டிராஃப்டைக் காணோம் என்று சொன்னதும் நினைவில் இருக்கிறது. இரண்டு பேரிடமும், நீங்களே அழித்திருப்பீர்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். ஷிப்பிங்கில் இருந்தவரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன். அக்கவுன்ட்ஸில் இருந்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.